செத்தவீட்டுச் சர்பத்

நித்திரை தூங்கி விழுந்துகொண்டிருக்கும் மனுசியிடம் யாரும் யோசனை கேட்கக்கூடாது. கேட்டால் அவள் சொல்லிவிடுவாள். நான் சொன்ன யோசனையால் என் அம்மா உயிரோடு இருக்கும்போதே ஊர் கூடி அவருக்கு ஒப்பாரி வைத்தது. கனடாவில் என் பெரியம்மாவின் மகள் குசினிக்குள் மயங்கி விழுந்தாள். எங்கள் ஊர் முரசுமோட்டைச் சந்தியில் அம்மாவின் படம் போட்ட கண்ணீர் அஞ்சலிப் பதாகை தொங்கியது. இவ்வளவுக்கும் நாங்கள் செய்ய நினைத்தது ஒரு கடைத் திறப்புவிழா.

முதலில் என் களைப்பைப் பற்றிச் சொல்லவேண்டும். நான் கணித ரீச்சர். கலியாணம் கட்டவில்லை (கேட்க வேண்டாம், அது தனிக் கதை, அதிலும் களைத்துப்போனது நான்தான்). விடிய முன்னம் எழும்பி அம்மாவுக்குக் கஞ்சி வைக்கவேண்டும். அவருடைய முழங்காலுக்கு எண்ணெய் தேய்க்கவேண்டும். வயலுக்குத் தண்ணீர் வருகிறதா என்று வாய்க்காலடிக்குப் போய்ப் பார்த்து, யாராவது திருப்பிவிட்டிருந்தால் அவரோடு சண்டை பிடித்து, அதே வாயோடு பஸ் ஏறிக் கிளிநொச்சிக்குப் போய்ப் பின்னம் படிப்பிக்கவேண்டும். பின்னேரம் ஊரில் நடக்கிற கலியாணவீடு, செத்தவீடு எல்லாவற்றுக்கும் எங்கள் வீட்டின் சார்பில் முகம் காட்டுவதும் நான்தான். அப்பா இல்லை. அம்மாவுக்கு நடக்க ஏலாது. ஒரே தம்பி குகன் லண்டனில் இருந்தான்.

அந்தக் குகன்தான் ஒரு நாள் பெரிய பெட்டிகளோடு வந்து இறங்கினான். பதினெட்டு வயதில் போனவன், அரைவாசித் தலை நரைத்து வந்தான். போன நாள் முதல் அங்கே பார்களில் குடிவகை கலக்குவதுதான் அவன் வேலை. "அக்கா, காணும் அந்த வேலை. இனி இங்க ஏதாவது செய்து பாக்கப் போறன். சரிவந்தா நிக்கிறன். சரிவராட்டி திரும்பிப் போறன், பிறகு வரமாட்டன்," என்றான்.

அம்மா அன்றைக்கே பிள்ளையார் கோவிலுக்கு நேர்த்தி வைத்தார். நானும் மனதுக்குள் ஒன்று வைத்தேன். இவன் நின்றால் வாய்க்காலடிக்கு இவன் போவான், செத்தவீட்டுக்கு இவன் போவான், நான் ஞாயிற்றுக்கிழமைகளில் வெயில் ஏறும்வரைக்கும் படுத்திருப்பேன். எனக்கு வேண்டியிருந்தது அவ்வளவுதான். அதற்காக நான் எதற்கும் ஓம் என்று சொல்லத் தயாராக இருந்தேன்.

அவன் செய்யப்போனது என்ன என்று கேட்டால், கொக்டெயில் பார். அதுவும் சும்மா பார் இல்லை. வாயால் மட்டும் குடிக்காமல் கண், காது, மூக்கு, தோல் எல்லாவற்றாலும் குடிக்கிற பார். உள்ளே காலடி வைத்ததும் ஆள் வேறொரு உலகத்துக்குள் போய்விடவேண்டுமாம். வீட்டுக்குப் பக்கத்தில் நாங்கள் நெல்மூட்டை அடுக்கிற மண்டபம்தான் அந்த வேறு உலகம்.

"என்ர பிள்ளை சாராயக்கடை வைக்கிறதுக்கோ நான் இவ்வளவு காலமும் விரதம் பிடிச்சனான்?" என்று அம்மா கேட்டார்.

"சாராயம் இல்லை அம்மா. நன்னாரி, தேசிக்காய், இஞ்சி, பனங்கட்டி. சாராயமில்லாத கொக்டெயில்."

"அப்ப சர்பத் எண்டு சொல்லன்."

"சர்பத் இல்லை அம்மா. அது ஒரு அனுபவம்."

அம்மா என்னைப் பார்த்தார். நான் சுவரைப் பார்த்தேன்.

அந்தக் கிழமை ஊரில் அடுத்தடுத்துச் செத்தவீடுகள். ஒன்றுக்குப் போய் இருந்துவிட்டு வந்து, தோய்ந்து, ஈரத் தலையோடு பரீட்சைத் தாள் திருத்திக்கொண்டிருந்தேன். குகன் கதிரையை இழுத்துப் போட்டுக்கொண்டு எனக்கு முன்னால் இருந்தான்.

"அக்கா, எங்கட சனத்தின்ர மனசைப் பிடிக்கிற மணம் எது? மணந்த உடனே ஆள் அப்பிடியே நிக்கவேணும்."

"சாம்பிராணி," என்றேன் தாளிலிருந்து தலை எடுக்காமல்.

"வேற?"

"ஓடிக்கொலோன். பன்னீர். கற்பூரம்." (ஓடிக்கொலோன் எங்கள் பக்கத்தில் காய்ச்சல்காரருக்குப் பூசுவார்கள், அதைவிட்டால் பிரேதத்துக்குத் தெளிப்பார்கள்.)

"நிறம்?"

"வெள்ளை."

"சத்தம்?"

"சங்கு. இடைக்கிடை சேமக்கலம். கனக்க வேண்டாம், விட்டு விட்டு அடிக்கவேணும்."

அவன் எல்லாவற்றையும் போனில் அடித்துக்கொண்டான். "அக்கா, நீ லண்டனில இருந்திருந்தா எங்கேயோ போயிருப்பாய்," என்றான். எனக்குச் சந்தோசமாக இருந்தது. கணித ரீச்சரின் ரசனையை அதுவரை யாரும் மெச்சியதில்லை. அன்று பின்னேரம் நான் இருந்துவிட்டு வந்த பந்தலை, என் மூக்கிலும் காதிலும் மிச்சமிருந்த அந்தச் செத்தவீட்டை, அப்படியே தூக்கி அவன் கையில் கொடுத்துவிட்டேன் என்பது எனக்குத் தெரியவே இல்லை.

அவனுக்கும் தெரிய நியாயமில்லை. சின்னனில் எங்கள் வீட்டில் பிள்ளைகளைச் செத்தவீட்டுக்குக் கூட்டிப்போவதில்லை. அவன் இங்கே இருந்த கடைசிக் காலத்தில் யுத்தத்துக்குள் செத்தவீடு எதுவும் ஒழுங்காக நடந்ததும் இல்லை. லண்டனில் அவன் போனவையெல்லாம் கறுப்புக் கோட்டுப் போட்டவை.

விழாவுக்கு முதல் நாள் கொட்டகை போட வந்தவர் சிவமண்ணை. பந்தல், கதிரை, வெள்ளைத் துணி எல்லாம் வாடகைக்கு விடுகிறவர். நல்லதுக்கும் கெட்டதுக்கும் அவர்தான். கூரைக்குக் கீழே வெள்ளை கட்டவேண்டும், சுவரெல்லாம் வெள்ளை விரிக்கவேண்டும் என்று நான் சொல்ல, அவர் என்ன விசேசம் என்று கேட்கவில்லை. என் முகத்தை மட்டும் பார்த்தார். (என் முகம் எப்போதும் அப்படித்தான் இருக்கும் என்பது அவருக்குத் தெரிந்திருக்கவேண்டும்.)

"அம்மா எப்பிடி ரீச்சர்?"

"என்னத்தைச் சொல்ல, சிவமண்ணை. உள்ளுக்குப் படுத்திருக்கிறா. இனி எழும்பி நடக்கிறது கஷ்டம்தான்." நான் முழங்காலைச் சொன்னேன்.

அவர் தலையை ஆட்டினார். "முன்னேற்பாடாச் செய்யிறதும் நல்லதுதான். சில பேர் கடைசி நேரத்தில ஓடித்திரிவினம்," என்றார். நானும் ஓம் என்றேன்.

மண்டபத்தின் நடுவில் குகன் ஒரு நீட்டுப் படுக்கை போடுவித்திருந்தான். வருகிறவர்கள் ஒவ்வொருவராக அதில் சாய்ந்து, கண்ணை மூடி, சத்தத்தைக் கேட்டு, மணத்தை மணந்து, குழாயால் கொஞ்சம் கொஞ்சமாக உறிஞ்சவேண்டும். "படுத்துக்கொண்டு குடிக்கிறது ஆஸ்பத்திரி வருத்தக்காரர், மோனை," என்று அம்மா சொல்லிப் பார்த்தார். அவன் கேட்கவில்லை. படுக்கைக்கு வெள்ளை விரித்த சிவமண்ணை, "தலைமாடு எந்தப் பக்கம் ரீச்சர்?" என்று கேட்டார்.

"தெற்கு," என்றேன் கொட்டாவியோடு. அவரே தலைமாட்டில் ஒரு குத்துவிளக்கையும் கொண்டுவந்து வைத்தார். குகன் அதைப் பார்த்து, "என்ன கலையுணர்வு அக்கா இந்த மனுசனுக்கு," என்றான்.

ஊர்ச்சனத்தை அழைக்கிற வேலை என்னுடையது. ரீச்சர் ஒருத்தி வீடு வீடாகப் போய், "எங்கட பார் திறக்கிறம், வாங்கோ," என்று எப்படிச் சொல்வது? நா எழவில்லை. "நாளைக்குப் பின்னேரம் ஒருக்கா வீட்டடிக்கு வந்திட்டுப் போங்கோ," என்று மட்டும் சொல்லிவிட்டு, மற்றக் கேள்வி வருவதற்கிடையில் சைக்கிளில் ஏறிவிட்டேன். என் முகம், என் குரல், நான் நிற்காமல் போன விதம் எல்லாம் சேர்ந்து அவர்களுக்கு என்ன சொல்லியிருக்கும் என்று இப்போது விளங்குகிறது.

விழா நாள் வெக்கை தாங்க முடியவில்லை. தோலாலும் குடிக்கவேண்டும் என்பதற்காக முல்லைத்தீவு மீன் வியாபாரி ஒருவரிடம் பெரிய ஐஸ் கட்டிகள் எடுத்து, மண்டபத்தின் மூலைகளில் வைத்து, பின்னால் காற்றாடி பூட்டியிருந்தான் குகன். குளிர் வந்தது. கூடவே மெல்லிய சூரை மீன் மணமும் வந்தது. அதை மறைக்கச் சாம்பிராணியை இரட்டிப்பாகப் போட்டான். ஓடிக்கொலோனைப் போத்தலோடு ஊற்றினான். சங்கையும் சேமக்கலத்தையும் பதிவுசெய்து வந்து ஒலிபெருக்கியில் ஓடவிட்டான். வெளிநாட்டுச் சொந்தங்கள் பார்ப்பதற்காக வாசலில் கமராவை நிறுத்தி லைவ் போட்டான். நான் குசினிக்குள் கூடை நிறையத் தேசிக்காயோடு இருந்து பிழிந்துகொண்டிருந்தேன்.

அம்மா தோய்ந்து, வெளிறிய சேலை உடுத்து, விபூதி பூசி விறாந்தையில் இருந்தார். எங்கள் அம்மாவுக்கு உலகத்தில் வேண்டியது குளிர்ச்சியான ஒரு இடமும் கால் நீட்ட ஒரு வசதியும். ஒருவரும் கவனிக்காத நேரம் பொல்லை ஊன்றி மண்டபத்துக்குள் போயிருக்கிறார். குளிர்காற்று, மெத்தைப் படுக்கை, மங்கல் வெளிச்சம். கிழக்கே பார்த்துக் கும்பிட்டுவிட்டு நீட்டிப் படுத்து, கையிரண்டையும் நெஞ்சில் கட்டிக்கொண்டு நித்திரையாகிவிட்டார். யுத்தத்தில் செல்லடிக்குள்ளேயே நித்திரை கொண்ட மனுசி. சங்கும் சேமக்கலமும் அவரை என்ன செய்யும்?

சனம் சொன்ன நேரத்துக்கு வந்தது. செருப்பைக் கழற்றியது. யாரும் சிரிக்கவில்லை. ஆம்பிளைகள் வெளியே கதிரைகளில் இருக்க, பெண்கள் வரிசையாக உள்ளே போனார்கள். முன்னுக்குப் போனவர் பக்கத்து வளவுப் பவளமக்கா. அந்தக் காலத்தில் அவருடைய குடும்பம் மலைநாட்டிலிருந்து வந்து எங்களுக்குப் பக்கத்தில் காடு வெட்டிக் காணியாக்கியது. அம்மாவும் அவரும் நாற்பது வருடமாக ஒரே வேலிக்கு இரண்டு பக்கமும் நின்று கதைத்தவர்கள், சண்டை பிடித்தவர்கள், கறி மாற்றியவர்கள். சாம்பிராணிப் புகைக்குள்ளால் அவர் நடந்து போய்ப் படுக்கையைக் கண்டார். பிறகு கேட்ட சத்தம் குசினிவரை வந்தது.

குகன் ஓடிவந்தான். அவன் கண்ணெல்லாம் கலங்கியிருந்தது.

"அக்கா, சனம் அழுகுது. குழறி அழுகுது. லண்டனில கூட ஒருத்தரும் என்ர வேலைக்கு அழேல்லை அக்கா."

"குடிச்சிட்டினமோ?"

"இன்னும் இல்லை. மணத்துக்கே இப்பிடி."

தட்டில் கிளாஸ்களை அடுக்கிக்கொண்டு வெளியே இருந்த ஆம்பிளைகளிடம் போனான். நான் யன்னலால் பார்த்தேன். முன்பு ஊருக்குக் கிராம அலுவலராக இருந்த விதானையார் கையால் மறித்தார். "இப்ப குடிக்கக்கூடாது தம்பி. நீ முதல் போய் ஒரு இடத்தில இரு. வெளிநாட்டில இருக்கிற ஆக்களுக்குச் சொல்லியாச்சோ?"

"ஓம் அங்கிள், லைவ் போகுது."

"அது நல்லது. இப்ப எல்லாரும் அப்பிடித்தான்." விதானையார் அவனுடைய தோளில் தட்டினார். "மனசைத் தளரவிடாதை. நல்லா வாழ்ந்த மனுசி."

குகன் அதைத் தன் பாருக்குக் கிடைத்த ஏதோ ஒரு பாராட்டு என்று எடுத்துக்கொண்டு அடுத்த ஆளிடம் போனான். எனக்கு அந்தக் கடைசி வசனம் மட்டும் காதில் நின்றது. தேசிக்காயைப் போட்டுவிட்டு மண்டபத்துக்கு ஓடினேன்.

உள்ளே பெண்கள் வட்டமாக ஒருவரையொருவர் கட்டிப்பிடித்து அழுதுகொண்டிருந்தார்கள். நடுவில் பவளமக்கா அம்மாவின் காலடியில் விழுந்து கிடந்தார். "முந்தாநாள் வேலியால முருங்கையிலை கேட்டியே. பிறகு தாறன் எண்டு சொல்லிட்டனே. ஆருக்கு ஆய்ஞ்சு குடுப்பன் இனி," என்று குழறினார். அம்மா அசையாமல் கிடந்தார். நெஞ்சில் கை. தலைமாட்டில் விளக்கு. தலை தெற்கு.

சிரிப்புக் கதை சொல்ல வந்தவள் இந்த இடத்தில் பொய் சொல்லக்கூடாது. நான் நம்பிவிட்டேன். அம்மா போய்விட்டார், நான் தேசிக்காய் பிழிந்துகொண்டிருந்த நேரத்தில் போய்விட்டார் என்றே நினைத்தேன்.  எத்தனையோ விடியற்காலைகளில் கஞ்சிப் பானையைப் பார்த்து, 'கடவுளே, எனக்கு இதிலிருந்து ஒரு விடுதலை இல்லையா?' என்று நான் கேட்டதெல்லாம் ஞாபகத்துக்கு வந்தது. நாளைக்கு நான் யாருக்குக் கஞ்சி வைப்பேன்? "அம்மா" என்று நான் போட்ட சத்தம் எனக்கே பயமாக இருந்தது. கூட்டத்தைப் பிளந்துகொண்டு போய் அவர் மேல் விழுந்தேன்.

"ஆரடி இது? எழும்பு, முழங்கால் போச்சு," என்றார் அம்மா.

அதற்குப் பிறகு நடந்ததை ஒழுங்காகச் சொல்ல முடியாது. பவளமக்கா பின்பக்கமாகவே ஓடி ஒரு ஐஸ் கட்டியில் இருந்தார். வெள்ளைத் துணி ஒரு பக்கத்தால் கழன்று பெண்கள் மேல் விழ, அதற்குள்ளிருந்து அவர்கள் போட்ட கூக்குரலுக்கு வெளியே ஆம்பிளைகள் எழும்பி றோட்டுக்கு ஓடினார்கள். விதானையாருக்குக் கதிரையும் சேர்ந்து வந்தது. சங்கு மட்டும் நிற்காமல் ஊதிக்கொண்டிருந்தது. குகன் தட்டோடு வாசலில் நின்று, "ஏன் எல்லாரும் போகினம்? இன்னும் தொடங்கேல்லை," என்றான்.

பெரிய பிழை அதற்கு முன்பே நடந்துவிட்டது. உள்ளே ஒருக்கால் எட்டிப் பார்த்துவிட்டு நேரத்தோடு கிளம்பியவர்கள் கொஞ்சப்பேர். செத்தவீட்டில் 'போட்டு வாறன்', அதாவது போய்விட்டு வருகிறேன், என்று சொல்லிக்கொண்டு போகக்கூடாது என்பது எங்கள் வழக்கம். ஆகவே அவர்கள் ஒருவரிடமும் சொல்லாமல் போய்விட்டார்கள். வீட்டுக்குப் போய்த் தோய்ந்து, போனை எடுத்து, பளையிலிருந்து முள்ளிவாய்க்கால் வரைக்கும் தெரிந்த ஆட்கள் எல்லாருக்கும் அறிவித்துவிட்டார்கள். கனடாப் பெரியம்மாவின் மகள் லைவில் ஒப்பாரியைக் கேட்ட இடத்திலேயே விழுந்ததால், அம்மா எழும்பி இருந்ததைப் பார்க்கவில்லை.

அடுத்த நாள் விடிய ஊர்ச் சங்கத்தார் சந்தியில் பதாகை கட்டியிருந்தார்கள். பளையிலிருந்து ஒரு வான் நிறையச் சொந்தக்காரர் அழுதபடி வந்து இறங்கினார்கள். அம்மா விறாந்தையில் கால் நீட்டி இருந்து, "வாங்கோ, வாங்கோ. நான்தான். இருங்கோ," என்று வரவேற்றார். அவருக்குப் பெரிய சந்தோசம். யார் வந்தது, யார் வரவில்லை, வந்தவர்களில் யார் மெய்யாக அழுதது என்று இரண்டு நாளும் அதே கதை. "சின்னக்கிளி வரேல்லை, பாத்தனியே?" என்று என்னிடம் கேட்டார். பதாகையில் அவருக்கு ஒரேயொரு குறைதான். "வேற படம் கிடைக்கேல்லையோ உவங்களுக்கு? முறைச்சுக்கொண்டு நிக்கிறன்." அதைக் கழற்றுவித்து வாங்கி, முற்றத்தில் விரித்து, அதன்மேல் மிளகாய் காயப்போட்டார்.

குகன் மட்டும் ஐஸ் கரைந்த மண்டபத்தில் தனியாக இருந்தான். மூன்றாம் நாள், "அக்கா, நான் போறன். எனக்கு எங்கட சனத்தைத் தெரியாது. அவையளுக்கும் என்னைத் தெரியாது," என்றான். எனக்கு அழுகை வரவில்லை, ஆத்திரம்தான் வந்தது. என் மேல் பாதி, அவன் மேல் பாதி. ஞாயிற்றுக்கிழமை நித்திரையும் போகிறது, தம்பியும் போகிறான். ஆனால் நில்லடா என்று சொல்ல எனக்கு வாய் வரவில்லை. என் யோசனையைக் கேட்டதால்தானே இவ்வளவும் வந்தது. அம்மா நேர்த்தி வைத்த பிள்ளையாரோடு மட்டும் இரண்டு நேரமும் கதைத்தார்.

போகிற நாள் காலை கொழும்பு வான் படலையில் வந்து நின்றது. அம்மா விறாந்தையில் அந்த நீட்டுப் படுக்கையில் இருந்தார் (விழாவுக்கு மறுநாளே அதை அங்கே போடுவித்துவிட்டார்). குகன் பெட்டியைத் தூக்கினான். அம்மாவின் முகத்தைப் பார்க்கமாட்டாமல் தலை குனிந்துகொண்டு, ஒரு சொல் சொல்லாமல் முற்றத்தைக் கடந்து போனான்.

"டேய்," என்றார் அம்மா. "சொல்லாமல் போறதுக்கு இதென்ன செத்தவீடோ? நான் இன்னும் சாகேல்லை. வந்து சொல்லிப்போட்டுப் போ."

அவன் திரும்பி வந்தான். பெட்டியை வைத்துவிட்டு அம்மாவுக்கு முன்னால் நின்றான். வாயைத் திறந்தான். போட்டு வாறன் என்று சொல்லவேண்டும், அவ்வளவுதான். அவனுக்கு வரவில்லை. இன்னொருமுறை திறந்தான். பிறகு மெதுவாக அம்மாவின் காலடியில் படுக்கையின் விளிம்பில் இருந்தான். அம்மா முழங்காலை நீட்டினார். அவன் தைலப் போத்தலை எடுத்துப் பூசத் தொடங்கினான். வான்காரன் ஹோர்ன் அடித்தான். நான் போய் வானை அனுப்பிவிட்டு வந்தேன்.

இப்போது அந்த மண்டபத்தில் வெள்ளைத் துணி இல்லை, சங்கு இல்லை. சுவருக்குப் பச்சை அடித்தாயிற்று. வாசலில் ஆங்கிலத்தில் ஒரு பெயர்ப்பலகை இருக்கிறது, அதை யாரும் வாசிப்பதில்லை. அங்கே விற்கிற நன்னாரியும் தேசிக்காயும் இஞ்சியும் கலந்த சாமானுக்குக் குகன் வைத்த பெயர் 'முதல் மழை'. சனம் வைத்த பெயர் 'செத்தவீட்டுச் சர்பத்'. பளையிலிருந்தெல்லாம் வந்து கேட்டு வாங்கிக் குடிக்கிறார்கள். பவளமக்காவுக்கு மட்டும் சும்மா. வேலியால் வருகிற முருங்கையிலைக்கும் இப்போது தவணை இல்லை.

என் ஞாயிற்றுக்கிழமை நித்திரையைக் கேட்கிறீர்களா? வாய்க்காலடிக்குக் குகன் போகிறான், அது உண்மை. ஆனால் அன்றைக்குத்தான் கடையில் கூட்டம். விடிய முன்னம் எழும்பி நான் தேசிக்காய் பிழிகிறேன்.

வெளிக்கிடுகிற எவரையும் அம்மா படுக்கையில் இருந்தபடியே மறிப்பார். "சொல்லிப்போட்டுப் போங்கோ. இது செத்தவீடு இல்லை." வந்தவர்களும் சிரித்துக்கொண்டு, "போட்டு வாறம் அம்மா," என்று சொல்லிவிட்டுத்தான் படியிறங்குவார்கள். குகன் மட்டும் அதை இன்னும் சொல்லவில்லை.